ஆறு மாதம் புழங்கிய பிறகு: தண்ணீர் மெஷின், சத்தமில்லாத ஃபேன், ஒரு பழைய பாட்டு, ஒரு இட்லி கேம்

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரியிலிருந்து பேசுகிறேன். ஐப்பசியில் வீட்டுக்கு வாங்கிய பொருள்களைப் பெட்டி பிரித்துக் காட்டியபோது, "புழங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பெட்டி பிரிக்கும் அன்று எந்தப் பொருளும் நன்றாகத்தான் இருக்கும். இப்போது சித்திரை பிறந்துவிட்டது, உட்கார்ந்து பேசலாம்.

முதலில் தண்ணீர். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், என் முன்பற்களைப் பாருங்கள். இந்தப் பழுப்புக் கோடு அழுக்கு இல்லை. சின்ன வயதில் பென்னாகரம் பக்கம் நாங்கள் குடித்த போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு போட்ட கோடு. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய விடிவு. ஆனால் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வராத நாளில் போர் தண்ணீர்தான்.

அண்ணன் மகளுக்கு நாலு வயது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயது. இந்தக் கறை விழுவது அந்த வயதில்தான். விழுந்துவிட்டால் தானாகப் போகாது. அவள் போட்டோவில் வாய் நிறையச் சிரிக்க வேண்டும் என்றுதான் தண்ணீர் சுத்திகரிக்கிற இந்த மெஷினையே வாங்கினோம்.

ஆனால் முதலில் வாங்கியது இதை இல்லை. "எதை வாங்கினாலும் ஒன்றுதான்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, யு.வி. என்கிற புற ஊதா விளக்கு மட்டும் உள்ளதை வாங்கி வந்தோம். யு.வி. கிருமியைக் கொல்லும், தண்ணீரில் கரைந்திருக்கிற ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். கடையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுவார்கள். அதில் மொத்த உப்புதான் தெரியும், அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று தெரியாது. அதனால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கே போனேன். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர் தண்ணீர் அந்த 1.5ஐயும் தாண்டியிருந்தது. அப்புறம்தான் அந்த யு.வி. மெஷினைக் கொடுத்துவிட்டு, சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திக் கரைந்த உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. மெஷின் மாட்டினோம். மாட்டிய பிறகு மறுபடி சோதித்தேன், 1க்குக் கீழே வந்துவிட்டது. நீங்கள் வாங்கினாலும் இப்படி இரண்டு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் மாதம் குடிக்க மட்டும்தான் இந்தத் தண்ணீரைப் பிடித்தோம். உலை வைத்ததும் களி கிண்டியதும் போர் தண்ணீரில். சோறும் பருப்பும் அந்தத் தண்ணீரைத்தானே உறிஞ்சிக்கொள்கின்றன? இப்போது சமையலுக்கும் இதுதான். மெஷின் கழிக்கிற தண்ணீர் நிறையத்தான். அதைத் தனியாக வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுகிறோம். செடிக்கு ஊற்றுவதில்லை, அதில் உப்பு அதிகம்.

சரி, ஃபேன். கரண்ட் குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் இரண்டு மாட்டினோம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், இது முழு வேகத்தில் 30 வாட் பக்கம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம். இலவச யூனிட் போக மீதிக்குத்தானே காசு கட்டுகிறோம், அந்தக் கணக்கில் இது பெரிய தொகை. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்குகிறது. சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கழற்றாமல் விட்டு, ஒரு வாரம் ஃபேன் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருந்தது.

ஃபேனில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் அமைதி. பழையது டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அது போன பிறகு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குச் சத்தமாகப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை. கேட்கப் பிடிக்கும். மாவட்ட மைய நூலகத்திலிருந்து புறநானூறு உரையோடு எடுத்து வந்தேன். தகடூர் என்பது நம் தருமபுரியின் பழைய பேர்தானே, அதை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவை பாடியதைத்தான் முதலில் எடுத்தேன்.

95ஆம் பாட்டு. அதியமானுக்காக ஔவை தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். எல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. இதை விளக்கியதும் அம்மா கேட்டார்: "அப்ப நம்மூரு வேலெல்லாம் பட்டறைக்கே போயிருச்சா கண்ணு?" போய்விட்டது அம்மா என்றேன். நிமிர்ந்து பார்த்தால் பரணில் போன வருடம் வாங்கிய ஏர் ஃப்ரையர், துணி போர்த்தி, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. இரண்டு தடவைதான் அதில் சமைத்தோம். அதை வாங்கச் சொல்லி உங்களிடம் நான் பேசியிருக்கக் கூடாது. அந்த வீடியோவை நீக்கிவிட்டேன்.

கடைசியாக கேம். பேர் வெண்பா. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது, அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சுடுகிற துப்பாக்கி, ஓடுகிற கார் எதுவும் கிடையாது. சமையல்தான். அந்தக் குடும்பத்துப் பெண்தான் வெண்பா; அவளுக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகத்தில் பாதி எழுத்து அழிந்துபோயிருக்கும், மீதியை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி.

லேப்டாப்பில் நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். சரியாக வரவில்லை. பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "குழிக்கு நேரா குழி வெச்சா மேத்தட்டு இட்லிய அமுக்கிரும் கண்ணு, மாத்தித் திருப்பி வை." கீரையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் வசனங்களை வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். புட்டுக்கு மாவும் தேங்காயும் மாற்றி மாற்றிப் போடும் இடத்தில் மவுஸை அவரே வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு கேள்வி: "அந்தக் குளிர்ல அவளுக்கு மாவு எப்படிப் புளிக்கும்?" அதை யோசித்துக்கொண்டே அன்று தூங்கப் போனார்.

முழுக் கதையையும் சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற சின்ன கேம்தான், எனக்கு இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் கூட உட்கார வைத்து ஆடுங்கள்.

மறுநாள் காலையில் ஒரு நோட்டு வாங்கி வந்து அம்மாவிடம் அளவு கேட்டு எழுத ஆரம்பித்தேன். ராகிக் களிக்கு ஒரு டம்ளர் மாவு, இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி நொய். தண்ணீர் என்று எழுதிய இடத்தில் "மெஷின் தண்ணின்னு எழுது" என்றார். எழுதினேன். இதோ அந்தப் பக்கம், இந்த மூலையில் அதற்குள் மாவுக்கறை. அடுத்த வாரம் களி கிண்டுவதை எடுத்துப் போடுகிறேன். அம்மா முகம் காட்ட மாட்டேன் என்கிறார், கை மட்டும் வரும்.