கேள்வி பதில்: வெளியுறவுத் துறைக்கு மார்க் போடுறது எப்படி?

சரி, அடுத்த கேள்வி. குளச்சல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, ரோடு போட்டா எத்தன கிலோமீட்டர்னு கணக்கு உண்டு. வெளியுறவுத் துறைக்கும், வெளிநாட்டுக்குக் குடுக்கிற உதவிக்கும் எதை வச்சு மார்க் போடுதாங்க?"

நல்ல கேள்வி. ரெண்டு சொல்லு தெரிஞ்சா பாதி முடிஞ்சுது. அவுட்புட்னா செஞ்ச வேலை, அவுட்கம்னா அதனால கிடைச்ச பலன். வலை வீசினது அவுட்புட். மீன் ஏலத்துக்கு வந்து கைல காசு நிண்ணது அவுட்கம். அமெரிக்காவுல 1993-லயே சட்டம் போட்டு, ஒவ்வொரு துறையும் இலக்கு சொல்லணும், வருஷா வருஷம் அறிக்கை தரணும்னு ஆக்கிட்டாங்க. நம்ம மத்திய அரசு 2005-06-ல அவுட்கம் பட்ஜெட் கொண்டு வந்துது.

இதுல உதவின்னா கொஞ்சம் எளுப்பம். இலங்கைல இந்தியா கட்டிக் குடுத்த 50,000 வீட்டைப் பாருங்க. அதுல 46,000 வடக்கு, கிழக்குல. அங்க ஒரு புது வீட்டுக்கு இலங்கைக் காசு அஞ்சரை லட்சம். மொத்தமா குடுக்கல, வேலை நடக்க நடக்க தவணையா வீட்டுக்காரங்க கணக்குக்கே போச்சு. அப்ப எண்ணிப்பிடலாம். ஆனா அந்த வீட்டுல அடுப்பு எரியுதா, பக்கத்துல பிழைப்பு உண்டா, இல்ல பூட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்களா? இதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பப் போய்ப் பாக்கணும். அதுக்குள்ள இங்க அதிகாரியும் மாறி, சில நேரம் ஆட்சியே மாறியிருக்கும்.

ராஜதந்திரம்தான் பெரிய பாடு. அதுல பாதி ஜெயிப்பு, நடக்காமப் போனதுதான். நம்ம தூத்தூர் பக்கத்து ஆளுக ஆழ்கடல்ல, இந்தியப் பெருங்கடல் நடுவுல இருக்கிற டீகோ கார்சியா தீவு வரைக்கும் போய் பிடிபட்டிருக்காங்க. முன்னாடியே பேசி ஒரு படகு பிடிபடாம இருந்தா, அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க? வராத சண்டைக்கு ரசீது கிடையாது பாத்துக்கிடுங்க. அதனாலதான் எத்தன சந்திப்பு, எத்தன ஒப்பந்தம்னு எண்ணி அறிக்கையை ரொப்பிருவாங்க. எனக்கு அந்தப் பட்டியல்ல பெரிய நம்பிக்கை இல்ல.

இன்னொண்ணு. அறிக்கை நல்லா இருந்தா துறை நிலைக்கும்னும் நினைக்காதீங்க. அத்தன வருஷம் அறிக்கை குடுத்த, அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டோட உதவி வேலை 2025 ஜூலை 1-ஓட நிண்ணு, மிச்சம் அவங்க வெளியுறவுத் துறைக்குப் போயிட்டு.

நம்ம ஆளுக கையில அளக்கக்கூடியது ஒண்ணு சொல்லுதேன். 2015-ல வெளியுறவு அமைச்சகம் 'மதத்'னு ஒரு இணையதளம் தொறந்துது. மதம் இல்ல, இந்தில உதவின்னு அர்த்தம். வளைகுடால சம்பளம் தரல, ஜெயில்ல போட்டுட்டாங்க, உடலைக் கொண்டு வரணும்னா அதுல புகார் பதியலாம். தூதரகம் அங்க ஒரு கடிதம் அனுப்பினா வேலை நடந்துதுன்னு கணக்கு வரும். ஆனா வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு, மவன் எந்தத் தேதி திருவனந்தபுரத்துல வந்து இறங்கினாங்கிறதுதான் கணக்கு. புகார் பதிஞ்ச நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவுல எத்தன நாள்? நான் மார்க் போட்டா அதை வச்சுத்தான் போடுவேன்.

சரி தம்பி, அடுத்தது பாஸ்போர்ட்டுல பேரு திருத்தம் பத்தி ஒரு அக்கா கேட்டிருக்காங்க, அதுக்கு வருவோம்.