ஸ்கேன் செய்த பிறகு காகிதத்தைக் கிழித்துப் போடலாமா?

அடுத்த கேள்வி. "வீட்டில் இரண்டு அலமாரி நிறைய ரசீது, காப்பீட்டுப் பத்திரம், மருத்துவ அறிக்கை என்று காகிதம் சேர்ந்து கிடக்கிறது. ஸ்கேனர் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? ஸ்கேன் செய்த பிறகு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிழிப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். முதலில் அந்த அலமாரியைச் சாத்துங்கள். இன்றைக்குக் கைக்கு வந்த காகிதத்திலிருந்து தொடங்குங்கள். பழைய குவியலோடு மல்லுக்கு நின்றால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும், ஸ்கேனரும் அலமாரிக்கே போய்ச் சேரும். பழையதில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டு வெளியே எடுக்கிறீர்களா, அப்போது அதை ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே வையுங்கள். கொஞ்ச நாளில் எதெல்லாம் உண்மையில் வேண்டியிருக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் காத்திருக்காது. அதில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடுபட்டுக் கறுப்பாவதுதான் நமக்கு எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சம் பட்டாலோ, சில வகை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலோ அந்த எழுத்து வெளிறிப்போகும். வாரண்டிக்காகப் பத்திரப்படுத்திய ரசீதாக இருந்தால் அதை முதலில் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் அளவு பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். எழுத்துக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும். பழைய புகைப்படம், மிகப் பொடி எழுத்து என்றால் 600 வையுங்கள். 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 பிக்சல். அதைச் சுருக்காமல் முழு வண்ணத்தில் சேமித்தால் சுமார் 26 எம்பி வரும். அதனால்தான் பெரும்பாலான ஸ்கேனர்கள் கோப்பைச் சுருக்கித் தருகின்றன.

அந்தச் சுருக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. 2013-ல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்க்கிறார். மூன்று அறைகளுக்கும் ஒரே பரப்பளவு போட்டிருக்கிறது. மூலத்தில் மூன்றும் வேறு வேறு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிக்கொண்டிருந்தன, 6 இருந்த இடத்தில் 8 வந்தது. ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். ஒன்றுபோல் தெரியும் எழுத்துத் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். மங்கலாக இருந்தால் நமக்குச் சந்தேகம் வரும். இதில் தவறான எண் பளிச்சென்று, சுத்தமாக நிற்கும், கண் ஏமாந்துவிடும். அந்த நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. இருந்தாலும் 'மிகச் சிறிய கோப்பு' என்று ஸ்கேனரில் ஒரு தேர்வு இருந்தால் கணக்கு வழக்குக்கு அதைத் தொடாதீர்கள். தொகை, தேதி, கணக்கு எண் மூன்றையும் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, ஸ்கேன் ஆயிற்று. இப்போது உங்களிடம் இருப்பது வெறும் படம். கணினிக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்தெடுக்கும் வேலை, செய்தால்தான் படத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், எழுத்து வடிவம் சேரும், தேடினால் கிடைக்கும். பல ஸ்கேனர்களோடு வரும் மென்பொருளிலேயே இது இருக்கிறது. இலவசமாக வேண்டுமென்றால் டெசராக்ட் இருக்கிறது, அது தமிழும் படிக்கும். மொழியைத் தேர்வு செய்ய மறந்துவிடாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த தாள் என்றால் இரண்டையும் கொடுங்கள். கையெழுத்துப் பிரதி, கறை படிந்த தாள் இவற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அதனால்தான் கோப்பின் பெயரை நான் ஓசிஆரைவிட அதிகம் நம்புகிறேன். ஸ்கேனர் கொடுக்கும் 'ஸ்கேன்0047' என்ற பெயரோடு விட்டால், அலமாரியில் கிடந்த குப்பை கணினிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வருடம், மாதம், நாள், அப்புறம் யாருடையது, என்ன தாள். '2024-03-15 அம்மா ரத்தப் பரிசோதனை' என்று வைத்தால் போதும். வருடம் முன்னால் வருவதால் கோப்புகள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். தாளில் உள்ள தேதியைப் போடுங்கள், ஸ்கேன் செய்த தேதியை அல்ல. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்க வேண்டாம். மருத்துவம், வங்கி, வீடு, படிப்பு என்று நாலைந்து போதும்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று. மின்னஞ்சலில் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும் பிடிஎஃப்பை அச்சிட்டு, மறுபடி ஸ்கேன் செய்து சேமிக்கிறார்கள். அந்தக் கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது. அச்சிட்டால் அதன் படம் மட்டும்தான் மிஞ்சும், சரிபார்க்க முடியாது. வந்த கோப்பை வந்தபடியே வையுங்கள், சுருக்கவும் வேண்டாம்.

அடுத்து பிரதிகள். கைபேசியில் இருப்பது கிளவுடிலும் இருக்கிறது, அதனால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒத்திசைவு என்றால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 வழி எளிமையானது: மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மருத்துவமும் வங்கியும் இருப்பதால் வெளியே போகும் பிரதியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும்.

இப்போது கிழிப்பது. சொத்துப் பத்திரம், உயில், படிப்புச் சான்றிதழ், முத்திரையும் அசல் கையெழுத்தும் உள்ள எதையும் கிழிக்காதீர்கள், அவற்றின் ஸ்கேன் ஒரு நகல் மட்டும்தான். வரிக் கணக்குக்கான தாள்களை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், கணக்காளரைக் கேட்டுவிட்டுக் கைவையுங்கள். மற்றவற்றையும் ஸ்கேன் செய்த கையோடு கிழிக்க வேண்டாம். ஒரு பெட்டியில் மேலே மேலே போட்டுக்கொண்டே வாருங்கள். பெட்டி நிறைந்ததும், வெளியே உள்ள பிரதி திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அடியில் இருப்பதை எடுத்து ஷ்ரெடரில் கொடுங்கள்.