சட்டைக் கழுத்துச் சீட்டு

சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில், கல்விக்கான நான்காம் இலக்கின் 4.7 என்ற உட்பிரிவு உலகக் குடிமையை, அதாவது நாம் உலகம் முழுவதற்கும் பொறுப்புள்ள குடிமக்கள் என்ற உணர்வை, பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வகுப்பறைக்கு வரும்போது அது பெரும்பாலும் கொடிகளை வரைவதாகவும், பிறநாட்டு உடையில் மேடையேறுவதாகவும் சுருங்கிவிடுகிறது. அந்த விழாக்களில் பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பிறரை வேடிக்கை பார்ப்பது வேறு, அவர்களோடு நமக்குள்ள கொடுக்கல் வாங்கலை அறிவது வேறு. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் இரண்டாவதற்கே நாம் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒருமுறை ஏழாம் வகுப்பில் பிள்ளைகளை இருவர் இருவராக அமரச் செய்து, ஒருவர் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சீட்டை மற்றவர் படித்துச் சொல்லும்படி கேட்டேன். துவைத்துத் துவைத்துச் சில சீட்டுகளில் எழுத்தே அழிந்திருந்தது. படிக்க முடிந்த நாடுகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினோம். வங்காளதேசம் பலமுறை வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 2013 ஏப்ரல் 24-ஆம் நாளுக்குப் போனோம்.

டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் அன்று காலை இடிந்து விழுந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்திருந்தன. அங்கே கிளை வைத்திருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளோ தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரவழைத்தன. ஒரே கட்டடத்தில் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டபோது, வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது. சரக்கைக் கப்பலேற்ற வேண்டிய கெடுவைப் பற்றியும், கூலி பிடிக்கப்படும் என்ற அச்சத்தைப் பற்றியும் விளக்கினேன். அப்போது ஒரு மாணவி, “கெடு வைத்தது யார், சார்?” என்று கேட்டாள்.

அவர்களுக்காக நாம் இரக்கப்பட வேண்டும் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். அவள் கேட்டது பொறுப்பைப் பற்றி. நான் சொன்னது இரக்கத்தைப் பற்றி. அது உறுத்திக்கொண்டே இருந்ததால், அடுத்த வகுப்பில் தையல் தொழிலாளி, ஆலை முதலாளி, ஆடை நிறுவனம், கடைக்காரர், வாங்குபவர் என ஒரு சங்கிலியை வரைந்து, ‘இவர்களுள் கெடுவை ஒரு நாள் தள்ளிவைக்கக் கூடியவர் யார்?’ என்று கேட்டேன். தைப்பவரால் முடியாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆடை நிறுவனத்தால் முடியும் என்பதிலும் இல்லை. நாடுகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்ற பாடநூல் வரி உண்மைதான் என்றாலும், அந்தச் சார்பின் சுமை எல்லார் தோளிலும் சமமாக இறங்குவதில்லை என்பதை அந்தப் படத்திலிருந்து பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். கட்டடம் இடிந்த அடுத்த மாதமே ஆடை நிறுவனங்கள் பலவும் தொழிற்சங்கங்களும் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொன்னேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் துயரத்தோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அதனால் இந்தப் பாடத்தை அடுத்து ஓசோன் படலத்தின் கதையைச் சொல்கிறேன். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட, ஓசோனை அழிக்கும் குளோரோபுளோரோகார்பன் என்ற வேதிப்பொருள்களை அது படிப்படியாக நிறுத்தச் செய்தது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம் கிடைத்தது. 1990-இல் அவற்றுக்கு உதவத் தனி நிதியமும் ஏற்கப்பட்டது. அதிகம் வெளியிட்டவர் யார், முதலில் கைவிட வேண்டியவர் யார், முடியாதவரின் செலவை ஏற்பது யார் என்ற பேரத்தை வகுப்பில் இரு தரப்பாகப் பிரிந்து நடத்தச் சொல்லுங்கள். பாதி நேரத்தில் தரப்பை மாற்றிவிடுங்கள். சற்றுமுன் தாம் வைத்த வாதத்தையே இப்போது எதிர்கொள்ளும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தேர்வில் மட்டும் ‘சார்ந்திருத்தல்: வரையறு’ என்றே இன்னும் கேட்கிறோம். கைப்பேசி மின்கலங்களில் பயன்படும் கோபால்ட் என்ற உலோகத்தில், உலகில் தோண்டப்படுவதில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அதன் சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது என்ற இரு செய்திகளைக் கொடுத்து, இந்தச் சங்கிலி அறுந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் யார் என்று காரணத்தோடு எழுதச் சொல்லலாம். அப்படிப்பட்ட விடைத்தாளைத் திருத்தக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஆசிரியர்களுக்கு ஒதுக்கித் தருமாறு இங்கு வந்திருக்கும் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.