அத்தை தொடங்கிய கடை: யார்க் நகரத்து ரவுன்ட்ரீ குடும்பத்தின் வம்சாவளி

பெரியோர்களே, தாய்மார்களே, வம்ச வரலாறு தேடிக்கொண்டிருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கிட்கேட் தெரியாத பிள்ளை இன்று எந்த ஊரிலும் இருக்காது. அது முதலில் கடைக்கு வந்தது 1935இல். வட இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் இருந்த ரவுன்ட்ரீ கம்பெனி 'சாக்லேட் கிரிஸ்ப்' என்ற பெயரில் அதை விற்றது. அந்த விற்பனையில் முன்னால் நின்றவர் ஜார்ஜ் ஹாரிஸ். பெயரைக் கேட்டாலே தெரியும், அவர் ரவுன்ட்ரீ வீட்டில் பிறந்தவர் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவர். 1941இல் கம்பெனியின் தலைவர் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்தார்.

வம்சாவளி எழுத உட்கார்ந்தால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று ஆண் வழியில் ஒரு கோடு இழுக்கிறோம். பெண் பிள்ளை கல்யாணமாகிப் போனால் கோடு அங்கேயே நின்றுவிடும். ரவுன்ட்ரீ குடும்பத்தை அப்படி எழுதிப் பாருங்கள், பாதிக் கதை கையைவிட்டுப் போய்விடும். இந்தத் தொழில் ஓர் அத்தையிடமிருந்து அவருடைய சகோதரன் மகனுக்குப் போனது. பிறகு வேறொரு குடும்பத்துத் தம்பியின் கைக்கு மாறியது. தம்பியிடமிருந்து அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து அவர் மகனுக்கு, அப்புறம் குடும்பத்து மருமகன் ஒருவருக்கு. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெண்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், ரவுன்ட்ரீ குடும்பம் சேர்ந்திருந்த குவேக்கர்களைப் பற்றிக் கொஞ்சம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி வளர்ந்த கிறிஸ்தவக் கூட்டம் இது. 1652இல் லங்காஷயரின் பெண்டில் குன்றில் ஏறி நின்றபோது அவருக்குக் கிடைத்த தரிசனத்தை அவர்கள் இன்றும் சொல்வார்கள். பாதிரியார் கிடையாது, மௌனமாக உட்கார்ந்து வழிபடுவார்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள்; உண்மையை எப்போதும் சொல்ல வேண்டியவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. போருக்கும் போக மாட்டார்கள். இதனால் அரசாங்கப் பதவி, ராணுவம், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பட்டம் எல்லாம் நெடுங்காலம் அவர்களுக்கு அடைபட்ட கதவு. மிச்சம் இருந்தது வியாபாரமும் பட்டறையும்தான். வடக்கே டார்லிங்டனில் கம்பளி நெய்த பீஸ் குடும்பம், கார்லைலில் பிஸ்கட் சுட்ட கார் குடும்பம், யார்க்கில் கோகோ வறுத்த ரவுன்ட்ரீ குடும்பம், எல்லோரும் இப்படி வந்தவர்கள்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்குக் குவேக்கர்கள் ஒரு புதையல். பழைய இடுகாடுகளில் கல்லறையைத் தேடி அலைந்தால் ஒன்றும் கிடைக்காது. பெயர் பொறித்த கல் நடுவது தற்பெருமை என்று நினைத்தார்கள். 1850இல்தான் எளிமையான, எல்லோருக்கும் ஒரே மாதிரியான கல்லுக்கு அனுமதி வந்தது. கல்லில் எழுதாததை எல்லாம் ஏட்டில் எழுதினார்கள். பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு. ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோனால், இவர் கடன் தொல்லை இல்லாதவர், நல்ல நடத்தை உள்ளவர் என்று பழைய ஊரின் மாதக் கூட்டம், அதாவது அந்த வட்டாரக் குவேக்கர்கள் மாதாமாதம் கூடும் சபை, புதிய ஊருக்குச் சான்று எழுதி அனுப்பும். பழைய பதிவேடுகளை 1840 வாக்கில் அரசிடம் ஒப்படைத்தார்கள். சும்மா ஒப்படைக்கவில்லை, கொடுப்பதற்கு முன்னால் சுருக்கப்படி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதனால் இன்றைக்கு இரண்டு வழிகளில் தேடலாம்.

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாதப் பெயர்களில் புறச்சமயத் தெய்வங்களின் பெயர் இருக்கிறது என்று குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் வருடம் பிறந்தது மார்ச் 25இல். ஆகவே அவர்களுடைய முதல் மாதம் மார்ச். நாம் இப்போது பார்க்கப்போகிற, அந்த அத்தையின் சகோதரன் மகன் வில்லியம் டியூக் பிறந்தது 1732 மார்ச் 24. அந்தக் காலக் குவேக்கர் கணக்கில் அது முதல் மாதம் 24ஆம் நாள். இதைப் பார்த்துவிட்டு ஜனவரி என்று எழுதினால் இரண்டு மாதம் தவறிப்போகும். அதோடு விட்டதா? மார்ச் 24 என்பது அன்றைய சட்டப்படி பழைய வருடத்தின் கடைசி நாள். ஆகவே எந்த வருடம் என்பதையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். 1752க்குப் பிறகு முதல் மாதம் ஜனவரியாகிவிட்டது. ஒரே ஏட்டில், ஒரே எண்ணுக்கு, ஒரு பக்கத்தில் ஒரு பொருள், சில பக்கம் தள்ளி வேறு பொருள்.

சரி, அத்தைக்கு வருவோம். மேரி டியூக். 1725இல் யார்க்கின் வாம்கேட் தெருவில் மளிகைக்கடை வைத்தார். அப்போது அந்த நகரத்தில் வணிகர் சங்கத்தின் அனுமதி இல்லாமல் யாரும் கடை நடத்த முடியாது. துணைக்கு ஆண் இல்லாத ஒரு குவேக்கர் பெண்ணுக்கு அவ்வளவு எளிதில் அனுமதி கொடுப்பார்களா? அபராதம் போட்டார்கள், மிரட்டினார்கள். அவர் கடையை மூடவில்லை. வருடக்கணக்கில் போராடி, கட்டணம் கட்டி, வியாபாரம் செய்யும் உரிமையைப் பெற்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரன் மகன் வில்லியமை 1746இல் கடையில் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். 1752இல் அவர் இறந்தபோது 20 வயதான வில்லியமிடம் கடை வந்தது. ஆண் வழிக் கோடு மட்டும் போட்டால் மேரி எங்கே வருவார்? வாரிசில்லாமல் இறந்த ஒரு கிளையாக ஓரத்தில் நிற்பார். இந்த மரத்துக்கு வேரே அவர்தான்.

இந்த வில்லியம் டியூக்தான் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாமல் மனிதர்களாக நடத்த வேண்டும் என்று 1796இல் யார்க்கில் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தவர். ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் விதவை யார்க் மனநலக் காப்பகத்தில் இறந்துபோனதுதான் அதற்குத் தூண்டுதல். அதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம். கடை டியூக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை, காப்பி, கோகோ என்று நடந்தது.

அதே நகரத்தில் 1822இல் ஸ்கார்பரோவிலிருந்து வந்த ஜோசஃப் ரவுன்ட்ரீ என்ற இளைஞர் பேவ்மென்ட் தெருவில் மளிகைக்கடை திறந்தார். 1832இல் சாரா ஸ்டீஃபன்சனை மணந்தார். மகன்கள் மூவர்: ஜான் ஸ்டீஃபன்சன், ஜோசஃப், ஹென்றி ஐசக். மூத்தவருடைய நடுப்பெயரைக் கவனியுங்கள். அது அம்மாவின் குடும்பப்பெயர். அடுத்த தலைமுறையில் ஜானின் மகன் ஆர்னல்ட் ஸ்டீஃபன்சன், ஜோசஃபின் மகன் ஜோசஃப் ஸ்டீஃபன்சன் என்று பாட்டியின் பெயர் பேரன்களிடமும் தொடர்கிறது. இந்தக் குடும்பங்களில் நடுப்பெயரைப் பார்த்தால் முதலில் தாய்வழியைத் தேடுங்கள். பத்தில் எட்டுத் தடவை கதவு திறக்கும்.

கடைக்குட்டி ஹென்றி ஐசக் டியூக் குடும்பத்தின் கோகோப் பிரிவில் வேலை பார்த்தார். 1862இல் அதையே விலைக்கு வாங்கினார். 1864இல் ஆற்றங்கரையில் ஒரு பழைய இரும்பு வார்ப்பாலைக்குத் தொழிலை மாற்றினார். மனிதர் நல்லவர், கணக்கில் அவ்வளவு கெட்டி இல்லை. தொழில் தள்ளாடியது. ஒரு குவேக்கர் திவாலானால் மாதக் கூட்டம் விசாரிக்கும், விலக்கியும் வைக்கும். குடும்ப மானமே போய்விடும். 1869இல் அண்ணன் ஜோசஃப் உள்ளே வந்து கணக்குப் புத்தகங்களைக் கையில் எடுத்தார். 1881இல் பழ மிட்டாய் வந்தது, அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு அது. 1883இல் தம்பி இறந்தார். அதன் பிறகு ரவுன்ட்ரீ என்றால் ஜோசஃப் என்று ஆயிற்று.

அவருடைய கல்யாணக் கதையில்தான் இந்த மரத்தின் இன்னொரு பெரிய கிளை இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்து பிராட்ஃபோர்டில் குடியேறிய பெஞ்சமின் சீபோம் என்ற குவேக்கரின் மகள் ஜூலியாவை 1862இல் மணந்தார். மறுவருடமே ஜூலியா இறந்துபோனார். ஒரு பெண் குழந்தை, அதுவும் சிறு வயதிலேயே போய்விட்டது. 1867இல் ஜூலியாவின் உறவுமுறைச் சகோதரி, ஹாம்பர்க் நகரத்து அன்டோனெட் சீபோமை மணந்தார். 1871இல் பிறந்த மகனுக்குப் பெஞ்சமின் சீபோம் ரவுன்ட்ரீ என்று பெயர். முதல் மனைவியின் அப்பா பெயர் இரண்டாம் மனைவியின் மகனுக்கு! இறந்துபோன ஜூலியாவை அந்த வீடு மறக்கவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். அந்த மகன்தான் யார்க்கின் உழைப்பாளர் வீடுகளில் 11,560 குடும்பங்களை விசாரித்து, நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று 1901இல் எழுதிக் காட்டியவர்.

இப்படிக் கூட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சம்பந்தம் செய்ததற்குக் காரணம் அன்பு மட்டும் இல்லை. வெளியே மணந்தால் விலக்கிவிடுவார்கள். ஏட்டில் ஒருவர் பெயர் திடீரென்று நின்றுவிட்டால் அவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து மாதாகோவிலின் திருமணப் பதிவைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருப்பார். இந்த வழக்கம் கூட்டத்தையே கரைக்கிறது என்று பதிவேடுகளைக் கணக்கெடுத்துச் சொன்னவர் யார் தெரியுமா? மூத்தவர் ஜான் ஸ்டீஃபன்சன் ரவுன்ட்ரீ. 1859இல் பரிசு பெற்ற அவருடைய கட்டுரை குவேக்கர்களை உலுக்கியது. அந்த வருடமும் அடுத்த வருடமுமாக விதி தளர்ந்தது. 25 வயது மளிகைக்கடைக்காரர் ஒருவர், செத்தவர்களும் பிறந்தவர்களும் இருக்கும் ஏட்டை எண்ணிப் பார்த்து ஒரு சமயத்தின் சட்டத்தை மாற்ற உதவினார். வம்சாவளி வேலைக்கு இதைவிட மரியாதை எனக்குத் தெரியவில்லை.

குவேக்கர் திருமணச் சான்றிதழை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேலே இருவரின் பெயர், ஊர், தொழில், பெற்றோர். நடுவில் இவரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர்கள் சொன்ன வாக்கு. கீழே அங்கே கூடியிருந்த எல்லோருடைய கையெழுத்தும். ஆண்கள் மட்டும் இல்லை, பெண்களும் அவரவர் கையால் போட்டது. மணமக்களின் உறவினர்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். அத்தை, சித்தி, பெரியப்பா மகள் எல்லோரும் ஒரே தாளில். அடுத்த கல்யாணம் எந்த வீட்டோடு என்பதைக்கூடச் சில சமயம் அந்தப் பட்டியலிலிருந்தே ஊகிக்கலாம்.

20ஆம் நூற்றாண்டில் இந்த மரம் முறிந்த ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஜோசஃபின் மூத்த மகன் ஜான் வில்ஹெல்ம் 1905இல் 36 வயதில் இறந்தார். அவருடைய ஒரே மகன் லாரன்ஸ். முதல் உலகப் போரில் முதலில் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் காயம்பட்டவர்களைச் சுமந்தார். பிறகு ராணுவத்திலேயே சேர்ந்தார். 1917 நவம்பர் 25 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது அவருடைய சித்தப்பா முறையான ஆர்னல்ட், யார்க்கின் நாடாளுமன்ற உறுப்பினர். கட்டாய ராணுவச் சட்டத்தில் மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று பாடுபட்டவர். ஒரே குடும்பம், ஒரே போர், இரண்டு மனசாட்சி. இதில் யாரையும் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

குறைத்துப் பேசாமல் விடமுடியாத ஒன்றும் இருக்கிறது. கோகோ எங்கிருந்து வந்தது? போர்ச்சுகல் ஆண்ட சாவ் தோமே தீவில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளைப் போல வைத்து விளைவித்த கோகோவை, கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ மூன்று குவேக்கர் கம்பெனிகளும் வாங்கின, 1909இல்தான் நிறுத்தின. கம்பெனியின் பழைய காலனிய, அடிமைமுறைத் தொடர்புகளை ரவுன்ட்ரீ பெயர் தாங்கிய அறக்கட்டளைகளே 2021இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. ரவுன்ட்ரீ குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்ல முடிகிற நம்மால், அந்தக் கோகோவைப் பறித்த ஒருவரின் பெயரைக்கூட இந்த மேடையில் சொல்ல முடியவில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

ஜோசஃப் தம் சொத்தில் ஏறக்குறைய பாதியை 1904இல் மூன்று அறக்கட்டளைகளுக்கு எழுதி வைத்தார். வறுமையின் வெளித்தோற்றத்துக்கு மருந்து போடுவதைவிட அதன் காரணத்தைத் தேடுங்கள் என்பது அவர் போட்ட வழிகாட்டுதல். கம்பெனி 1969இல் மெக்கின்டாஷ் என்ற மிட்டாய்க் கம்பெனியோடு இணைந்தது, 1988இல் நெஸ்லே வாங்கியது. ஆலையின் காகிதங்களும் குடும்பக் காகிதங்களும் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார்க்ஷயர் குவேக்கர் கூட்டங்களின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி லீட்ஸ் பல்கலைக்கழகத்தில். 1902 முதல் ஆலை தனக்கென்று ஓர் இதழ் நடத்தியது. தொழிலாளர்களின் நல்லது கெட்டது அதில் வரும். மிட்டாய் சுற்றிய பெண்களின் பேத்திகள் இன்று தங்கள் பாட்டியை அந்தப் பக்கங்களில் தேடலாம்.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.