பட்டம் தவறும் மழை

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரியின் கடைமடையில் இரண்டு ஏக்கரில் சம்பா நெல் பயிரிடும் ஒருவரிடம் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டால், அவர் வெப்பநிலையைப் பற்றிப் பேசமாட்டார். "மழை பட்டத்துல பெய்யலைங்க" என்பார்; பட்டம் என்றால் பயிருக்கு உரிய பருவம். ஆண்டு மழையின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் மழை வரும் நாளே அவருடைய விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்பதால், இந்தச் சொல்லை நாம் மிகக் கவனமாகக் கேட்க வேண்டும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்து பயிர் கருகியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும், அறுவடைக்கு நின்ற கதிர்கள் மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. ஐப்பசி மழையில் மூழ்கிய இளம்பயிரை வடிகால் வெட்டியாவது காப்பாற்றிக்கொள்ளலாம். தை மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்ட நெல்லை என்ன செய்வது?

ஆகவேதான் பலர் நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்கு மாறினார்கள். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று காத்திராமல், கிடைத்த மழை ஈரத்தில் புழுதியிலேயே விதைத்துவிட்டால், பெருமழைக்கு முன் பயிர் வேர்பிடித்து உயர்ந்துவிடும். நடவுக் கூலி மிச்சமாகும். நட்ட பயிரைவிட ஒரு வாரம் முன்னதாகவே முற்றும். ஆனால் களை பெருகும்; நடவில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைக் களையெடுப்பு தின்றுவிடும். தாழ்வான வயல்காரர்கள், வெள்ளத்தில் சில நாட்கள் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற இரகங்களைத் தேடுகிறார்கள்.

இவையெல்லாம் உழவர் கையில் இருப்பவை. கையில் இல்லாதது ஒன்று உண்டு. என் மனத்தை மிகவும் வருத்துவதும் அதுதான். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவரின் பெயர், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராமப் பதிவேடான அடங்கலில் பெரும்பாலும் ஏறுவதில்லை. பெயர் இல்லாவிட்டால் பயிர்க் காப்பீடு செய்வது கடினம்; நிவாரணமும் பல நேரங்களில் நில உரிமையாளருக்கே போய்விடுகிறது. விதையும் உழைப்பும் கடனும் ஒருவருடையவை, இழப்பீடு இன்னொருவருக்கு என்றால், அடுத்த ஆண்டு புதிய இரகத்தையோ புதிய முறையையோ முயன்று பார்க்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்?

பயிர் செய்பவர் பெயரிலேயே அடங்கல் தரப்பட வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகல்ல, விதைப்பதா காத்திருப்பதா என்று அவர் வானத்தைப் பார்த்து நிற்கும் ஆவணி மாதத்திலேயே அது அவர் கைக்கு வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.