கைப்பிடி இல்லாத கதவு

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் பெருந்தகையே, ஓவிய ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கலையில் மூடிய கதவுக்கு மூன்று பொருள் உண்டு: மரணம், ரகசியம், மறுப்பு. மூன்றையும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

எகிப்தியக் கல்லறைகளில் கல்லிலேயே போலிக் கதவு செதுக்கினார்கள். நமக்கு அது வெறும் சுவர். இறந்தவரின் ஆன்மா அதன் வழியாக வந்து படையலை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார்கள். சரி, அது மரணம்.

ரகசியத்துக்குப் போகுமுன், ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹண்ட். இவரைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1850களின் தொடக்கத்தில் ‘உலகின் ஒளி’ என்ற படத்தை வரைந்தார். இரவு. கையில் விளக்கோடு இயேசு ஒரு கதவைத் தட்டுகிறார். கீல் துருப்பிடித்து, வாசலில் களை மண்டி, கொடி படர்ந்த கதவு. பார்த்த ஒருவர், “ஐயா, கைப்பிடி வரைய மறந்துவிட்டீர்களே!” என்றாராம். “மறக்கவில்லை, அது உள்பக்கம் இருக்கிறது” என்றாராம் ஹண்ட். பொறுங்கள், கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. படம் ஆக்ஸ்ஃபர்டின் கீபிள் கல்லூரிக்குப் போனது. அங்கே பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். கதவைத் தட்டும் கடவுளைப் பார்க்கக் காசு! ஹண்டுக்குப் பொறுக்கவில்லை. முதுமையில், பார்வை மங்கிய பிறகு, உதவியாளரை வைத்துக்கொண்டு அதே படத்தைப் பெரிதாக வரைந்தார். 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராகப் போனது. இன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

ரகசியத்துக்குப் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப். கலையையே விட்டுவிட்டார் என்று உலகம் நினைத்திருக்க, 1946 முதல் இருபது ஆண்டுகள் கமுக்கமாக ஒன்றைச் செய்தார். அது இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ஒரு பழைய மரக்கதவு, அதில் இரண்டு துளைகள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கண் வைத்துப் பார்க்கலாம்.

டூஷாம்பாவது துளை விட்டார். அருங்காட்சியகக் கிடங்குகளின் கதவில் அதுவும் இல்லையே! பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் நம் கண்ணில் படுவது சிறு பங்குதான். வெளிச்சம் பட்டால் கெடும், திருட்டுப் போகும் என்கிறார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் போய்மன்ஸ் அருங்காட்சியகம் 2021இல் ஒன்றரை லட்சம் பொருள்களுக்கு மேல் உள்ள தன் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 2025இல் தன் கிடங்கைத் திறந்தது. அவர்களால் முடிகிறது. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். சலிக்காமல் மறுபடி சொல்கிறேன், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுப்பு இன்னொரு மேடைக்கு. கிடங்குகளைத் திறக்கக் கோரும் மனு மேசைமேல் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் முதல் கையெழுத்தைப் போட்டால் மற்றவர்கள் வரிசையில் வருவார்கள். பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.