22 வாரம் என்பது யாருடைய கணக்கு?

அவையோருக்கு என் வணக்கம். பிரேசில் நாட்டின் கருக்கலைப்பு மசோதா ஒன்றைப் பற்றி நம் ஊர் மேடையில் எதற்காகப் பேச வேண்டும் என்று, உள்ளே வரும்போதே ஒரு நண்பர் கேட்டார். நான் மகப்பேறு மருத்துவம் பார்த்தவள். அந்த மசோதாவின் நடுவில் நிற்கும் ‘22 வாரம்’ என்ற எண்ணைக் கர்ப்பிணிகளின் சீட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பது எனக்குத் தெரியும். அதன்மேல் ஒரு கொலைக் குற்றத்தையே ஏற்றி வைக்க முயன்றார்கள் என்பதால்தான் இன்று பேச வந்தேன்.

பிரேசிலில் கருக்கலைப்பு குற்றம். 1940-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அதற்கு இரண்டு விலக்குகளை மட்டுமே தந்தது: தாயின் உயிரைக் காக்க வேறு வழியில்லாத நிலை ஒன்று, வல்லுறவால் உண்டான கர்ப்பம் மற்றொன்று. மூளை வளராத கருவுக்கான மூன்றாவது விலக்கை 2012-இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. வல்லுறவுக்கான விலக்கில் வாரக் கணக்கு எதையும் சட்டம் எழுதவில்லை. ஆனால் ஏட்டில் இருந்த அந்த உரிமை மருத்துவமனை வாசலை எட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. இதற்கான முதல் பொது மருத்துவப் பிரிவு, சாவ் பாவ்லோ நகரின் ஜபக்குவாரா மருத்துவமனையில், லூயிசா எருண்டினா மேயராக இருந்த 1989-இல்தான் திறக்கப்பட்டது. நாட்டில் 5,500-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் இன்றும் அப்படியொரு பிரிவு கிடையாது.

இந்தப் பின்னணியில்தான் 2024-ஆம் ஆண்டின் மசோதா 1904 வந்தது. சோஸ்தெனெஸ் கவல்காந்தே என்ற நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர், மதபோதகரும்கூட, அதைக் கொண்டுவந்தார். 22 வாரத்தைக் கடந்த கருவைக் கலைத்தால், கர்ப்பம் வல்லுறவால் வந்ததாகவே இருந்தாலும், அதைக் கொலைக்கு ஈடாகத் தண்டிக்க வேண்டும் என்றது மசோதா. ஜூன் 12 அன்று அவைத் தலைவர் ஆர்தூர் லீரா இதற்கு ‘அவசர’ நிலை தரும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இல்லாத குரல்வழி முறையில், அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அது நிறைவேறியது. அவசர நிலை என்றால் குழுக்களின் ஆய்வு இல்லாமல் மசோதா நேரே அவைக்கு வரலாம் என்று பொருள். ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றத்தில்கூட இதைவிடக் கூடுதல் நேரம் விவாதிப்பார்கள்.

கொலைக்கு அங்கே தண்டனை 6 முதல் 20 ஆண்டுகள். வயது வந்த பெண்ணை வல்லுறவு செய்தவனுக்கு அடிப்படைத் தண்டனை 6 முதல் 10 ஆண்டுகள். குற்றத்துக்கு ஆளானவள் குற்றம் செய்தவனைவிட இரு மடங்குக் காலம் சிறையில் இருக்க நேரலாம் என்ற இந்தக் கணக்கைத்தான் ஊடகங்கள் எல்லாம் பிடித்துக்கொண்டன. கருக்கலைப்பைத் தாம் ஏற்கவில்லை என்று சொல்லிவந்த அதிபர் லூலாவே, இத்தாலியில் ஜி7 மாநாட்டுக்குப் போயிருந்தபோது, இது பைத்தியக்காரத்தனம் என்றார். மசோதாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: சூழ்நிலையைப் பார்த்து நீதிபதி பெண்ணின் தண்டனையைக் குறைக்கலாம், விட்டும் விடலாம் என்ற பிரிவு அதில் இருந்தது, 18 வயது நிரம்பாத சிறுமியைச் சிறைக்கு அனுப்பவும் முடியாது. ஆனால் அவளுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவருக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. கொலை வழக்குக்கு அஞ்சி மருத்துவர் கைகட்டி நின்றுவிட்டால், சிறுமியைச் சிறையில் அடைக்காத சட்டம் அவளுக்கு என்ன தந்துவிடுகிறது?

இப்போது அந்த 22-க்கு வருகிறேன். கர்ப்பத்தின் வாரத்தைக் கரு உண்டான நாளிலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆகவே 22 வாரம் என்று சீட்டில் எழுதும்போது, வன்கொடுமை நடந்து சுமார் 20 வாரமே ஆகியிருக்கும். வயதுக்கு வந்து சில மாதங்களே ஆன சிறுமியிடம் கடைசியாக எப்போது என்று கேட்டுப் பாருங்கள். மாதவிலக்கு இன்னும் ஒழுங்குபடாத அவளுக்குச் சொல்லத் தேதியே இருக்காது. நாள் தள்ளிப்போனதும் தெரியாது. சரி, ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். முதல்முறையாக அந்தக் கட்டத்தில் எடுக்கும் ஸ்கேன், பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை முன்னே பின்னே காட்டலாம். 21 என்று ஒரு கருவியும் 23 என்று இன்னொரு கருவியும் சொல்லக்கூடிய இடத்தில், மருத்துவ சேவைக்கும் கொலைக்கும் நடுவே கோடு போடுகிறார்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டி வருபவர்கள் யார்? பிரேசிலில் 2023-இல் பதிவான 83,988 வல்லுறவுக் குற்றங்களில் முக்கால் பங்கு, 14 வயது நிரம்பாதவர்கள் அல்லது சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் மீது நடந்தவை. குற்றவாளி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவனுக்குப் பயந்து வாயைத் திறக்காத குழந்தையின் வயிறு மேடிட்ட பிறகுதான் பெரியவர்கள் கவனிக்கிறார்கள். பிறகு காவல் நிலையம், நீதிமன்றம், மறுக்கும் மருத்துவமனை. இந்தத் தாமதத்தில் ஒரு நாள்கூட அவள் உண்டாக்கியதல்ல.

2020 ஆகஸ்டில் எஸ்பிரிட்டு சாண்டு மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். சிறுமிக்கு வயது 10. ஆறு வயதிலிருந்து மாமன் முறையுள்ளவன் செய்த கொடுமை. நீதிபதி அனுமதி தந்தும், கர்ப்பம் 22 வாரத்தை எட்டிவிட்டது என்று மாநிலத் தலைநகர் விட்டோரியாவின் மருத்துவமனை மறுத்துவிட்டது. சட்டத்தில் இல்லாத வரம்பு அது! ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரெசிஃபே நகருக்கு அவளை விமானத்தில் கொண்டுபோனார்கள். அதற்குள் அவள் பெயர் இணையத்தில் வெளியாகியிருந்தது. மருத்துவமனை வாசலில் கூடிய கூட்டம் மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்று கூவிக்கொண்டிருக்க, காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் மறைத்து அவளை உள்ளே சேர்த்தார்கள்.

நாம் மட்டும் யோக்கியர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில், வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கும் சிறுமியருக்கும் 2021-இன் திருத்தத்தில் வரம்பு 24 வாரமாக உயர்ந்தது உண்மை. அதற்கு முன், 2017-இல், சண்டிகரைச் சேர்ந்த 10 வயதுக் குழந்தைக்கு 32 வாரத்தில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. வயிற்றில் கல் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்தக் குழந்தைக்கு அறுவை செய்து பிரசவம் பார்த்தார்கள்.

மசோதாவை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம், 22 வாரத்துக்குப் பிறகு கரு வெளியே பிழைக்கக்கூடும், பெற்றுத் தத்துக் கொடுத்துவிடலாமே என்பது. பிழைக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலர், தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருந்தால் பிழைக்கிறார்கள். இடுப்பெலும்பு முழுதும் வளராத பத்து வயது உடல் இன்னும் நான்கு மாதம் சுமந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வாதம் தொடுவதே இல்லை.

‘சிறுமி தாயல்ல’ என்ற முழக்கத்தோடு பெண்கள் தெருவில் இறங்கினார்கள்; சாவ் பாவ்லோவின் பவுலிஸ்தா சாலை நிறைந்தது. வழக்கறிஞர் மன்றத்தின் தேசியக் குழு இது அரசமைப்புக்கு முரணானது என்றது. ஒரு வாரத்துக்குள் லீரா பின்வாங்கி, ஆண்டின் பிற்பாதியில் குழு அமைத்துப் பேசலாம் என்றார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, உயிரின் உரிமையைக் கருத்தரித்த நொடியிலிருந்தே அரசமைப்பில் எழுத முயலும் வேறொரு திருத்தத்துக்கு, 35-க்கு 15 என்ற வாக்கில் அவையின் நீதிக் குழு பச்சைக்கொடி காட்டியது. 22 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் வாதாடினேன். அந்தத் திருத்தத்தில் எண்ணே கிடையாது.